தாய்ப் பேப்பரும் கடுகுப் பையும்

தையல் வகுப்பு நடத்துகிறவளுக்கு ஊர்க் கதை கேட்க வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றால் போதும், எல்லாக் கதையும் தானாகப் படியேறி வரும்.

பிளவுஸ் தைக்கக் கொடுத்துவிட்டு, நாளைக்கு வாங்க, நாளான்னைக்கு வாங்க என்று அலைந்து, கடைசியில் கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிற காலையில் வாங்கி மாட்டிப் பார்த்து, கை ஏறாமல் கண் கலங்கிய சகோதரிகளே, நானும் உங்களில் ஒருத்திதான். என் கல்யாணப் பட்டுக்குத் தைத்த பிளவுஸின் கழுத்தை டெய்லர் வேறு எவள் அளவிலோ வெட்டிவிட்டார். தாலி கட்டுகிற நேரம் பூராவும் அது நழுவி விழாமல் இருக்கத் தோளைக் குறுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் ஆல்பம் பார்க்கிறவர்கள் "எவ்வளவு அடக்கமான பொண்ணு" என்கிறார்கள். அடக்கமாவது ஒன்றாவது.

அந்தக் கோபத்தில் நாகர்கோவில் போய்த் தையல் டிப்ளமோ படித்தேன். தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியறையைப் பிடித்து வகுப்பு ஆரம்பித்தேன். அளவுக்கு ஒரு பழைய பிளவுஸை வைத்துக்கொண்டு வெட்டுகிற வேலையே என்னிடம் கிடையாது. ஒவ்வொருத்தியும் முதலில் தன் உடம்புக்கு ஒரு தாய்ப் பேப்பர் வெட்ட வேண்டும். பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போடுகிற காக்கித்தாளில், கூட்டாமல் குறைக்காமல், உடம்போடு ஒட்டி நிற்கிற மாதிரி முன்பக்கம், பின்பக்கம், கை என்று வெட்டிய அளவு அது. வெட்டி முடித்ததும் பெயர் எழுதி ஆணியில் மாட்டிவிட வேண்டும். பிளவுஸ் வேண்டுமென்றால் அதைப் பழைய தினசரித்தாளில் வைத்து வரைந்து, தையலுக்கு இடம் விட்டு வெட்டு. சுடிதார் வேண்டுமா, கீழே நீட்டு. நைட்டியா, பக்கத்தில் அகலம் கொடு. கழுத்தை மாற்று, கையில் பஃப் வை, என்ன வேண்டுமானாலும் செய்துகொள். தாயை மட்டும் தொடாதே. இதைத் தொண்டை வற்றச் சொல்லிவிட்டுத்தான் கத்தரிக்கோலையே கையில் கொடுப்பேன்.

தாயைத் தொட்டவள்

செல்வி என்று ஒருத்தி. கல்யாணமாகி வந்த புதுசு, வாய் மட்டும் பழசு. புருஷனுக்கு கேசட் கடை. தோள்வரைக்கும் அகலமாக விரிகிற போட் நெக் கழுத்து வைத்து ஒரு பிளவுஸ் தைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். சரி, தாய்ப் பேப்பரைத் தினசரித்தாளின்மேல் வைத்து வரைந்துகொள் என்று சொல்லிவிட்டு, பாபின் சிக்கிய மெஷினைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தால், மகராசி இரண்டையும் சேர்த்தே வெட்டி வைத்திருக்கிறாள். தினசரித்தாளிலும் போட் நெக், தாய்ப் பேப்பரிலும் போட் நெக்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "இனிமே நீ எதைத் தச்சாலும் இந்தக் கழுத்துதான்ட்டி வரும். நைட்டி தச்சாலும் இதுதான், சுடிதார் தச்சாலும் இதுதான். மறுபடி அளவெடுத்து மறுபடி வெட்டு" என்று கத்தினேன். கொஞ்சமும் அசையாமல், வெட்டி விழுந்த காக்கித்தாள் துண்டை எடுத்து முகத்துக்கு விசிறிக்கொண்டே அவள் சொன்னாள்: "விடுங்க டீச்சர். எனக்கு நல்ல கழுத்து. நாலு பேரு பாக்கட்டும்."

படியேறி வந்த அண்ணாச்சி

ஒரு நாள் மத்தியானம் படியில் தடதடவென்று சத்தம். மூட்டை தூக்குகிறவர் யாரோ வழி தவறி வருகிறார் என்று நினைத்தேன். வாசலை அடைத்துக்கொண்டு ஒருவர் நின்றார். முறுக்கு மீசை, மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு. "டீச்சர், நான் சுடலைமுத்து. கீழ மார்க்கெட்டுல வெங்காய மண்டி வச்சிருக்கேன். எனக்குப் பொம்பளைச் சட்டை தைக்கச் சொல்லித் தரணும்" என்றார். எங்கள் பக்கம் பிளவுஸையும் சட்டை என்றுதான் சொல்வது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆம்பளைகளைச் சேக்கிறதில்லை, அண்ணாச்சி" என்றேன்.

அவர் போகவில்லை. வாசலிலேயே நின்று சொன்னார். மண்டியில் ஏலம் போட்டுப் பழகிய தொண்டை, அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு குரல்தான். "எம் பொஞ்சாதி பேச்சிக்கு மாருல கட்டி. மதுரையில ஆப்பரேசன் பண்ணுனாவ. உள்ள கொண்டு போவும்போது குலசை முத்தாரம்மனுக்கு நேந்துக்கிட்டேன். அவ உசுரோட வந்தா, எங்கையால தச்ச சட்டையைப் போட்டு தசராவுக்குப் பொம்பளை வேஷம் கட்டுதேன், அவளையும் கூட்டிட்டு வந்து உன் முன்னால நிக்கேன்னு. உசுரோட வந்துட்டா. எடப்பக்கத்தை எடுத்துட்டாவ. அதுக்குப் பொறவு அவ வாசப்படி தாண்டலை, டீச்சர். எந்தச் சட்டையும் ஒழுங்கா நிக்க மாட்டேங்கு. டெய்லர்கிட்ட போவ மாட்டேங்கா. கண்ணாடியைச் சொவரு பாக்கத் திருப்பி வச்சிருக்கா. நான் ஒத்தையில வேஷம் கட்டிட்டுப் போய் நின்னா அம்மன் என்ன கேப்பா? நீ வந்துட்டே, அவ எங்கலேன்னு கேப்பா. எனக்கு ஒரு சட்டை, அவளுக்கு ஒரு சட்டை. ரெண்டும் நானே தைக்கணும்."

குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் தசராவுக்கு வேஷம் கட்டிப் போவது எங்கள் பக்கத்து வழக்கம்தான். அத்தனை பெண்களுக்கு நடுவில், எங்கள் வீட்டு ஆண்கள் கதவைச் சாத்திக்கொண்டுகூடச் சொல்லாத ஒன்றை, அவர் வெங்காயம் விலை சொல்வது போலச் சொல்லிவிட்டார். பீடி சுற்றும் நேரம் போக மிச்ச நேரத்தில் வகுப்புக்கு வரும் புஷ்பம் அக்காதான் எழுந்தாள். ஒரு ஸ்டூலில் கிடந்த நூல் குப்பையைக் கையால் தட்டிவிட்டு இழுத்துப் போட்டாள். "உக்காருங்க அண்ணாச்சி. ஊசியில நூல் கோக்கத் தெரியுமா?" என்றாள்.

சம்பாதிக்கிற தோள்

தையல்காரர்கள் எல்லோரும் ஒரு நம்பிக்கையில் பிழைக்கிறோம். மனுஷ உடம்புக்கு இடதும் வலதும் ஒன்றுதான் என்பது அந்த நம்பிக்கை. அதனால் அளவுப் பேப்பர் எப்போதும் பாதி உடம்புக்குத்தான். துணியை இரண்டாக மடித்து, பாதியை வைத்து வெட்டி, விரித்தால் முழுசு. நானும் அப்படித்தான் படித்தேன், அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். அந்த வாரம் புஷ்பம் அக்கா தைத்த பிளவுஸ் வலது தோளில் மட்டும் வழுகிக்கொண்டே இருந்தது. "நேரா தைக்காம என்ன பண்ணுதிய" என்று பிரிக்கச் சொன்னேன். பிரித்துத் தைத்தாள். மறுபடி வழுகியது. மறுபடி பிரிக்கச் சொல்லப் போனவள், எதற்கோ அவளைச் சுவரோடு சேர்ந்து நிற்கச் சொல்லிப் பார்த்தேன்.

வலது தோள் இடதைவிட நன்றாக இறங்கி இருந்தது. சின்னப் பிள்ளையிலிருந்து மடியில் பீடி சுற்றுகிற சுளவு முறத்தை வைத்துக்கொண்டு, குனிந்து, வலது கையால் இலை வெட்டி வெட்டி வந்த தோள். உடனே எல்லோரையும் சுவரோரம் நிற்க வைத்தேன். ஒருத்திக்காவது இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டுமே. கிடையாது. தம்பியை இடுப்பில் தூக்கியே வளர்ந்த செல்விக்கு இடது இடுப்பு ஒரு தினுசு. டேப்பைப் பிடித்துப் பிடித்து எனக்கே ஒரு தோள் ஏறி நிற்கிறது. இத்தனை நாள் இவர்கள் உடம்பைத் தொட்டுத்தானே அளவெடுத்தேன், எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று திகைத்து நின்றேன். புஷ்பம் அக்காவுக்கு அதில் ஒன்றும் அதிசயமே இல்லை. "சம்பாதிக்கிற தோளு டீச்சர். எறங்கித்தான் நிக்கும்" என்று சொல்லிவிட்டு இலைக்கட்டு வாங்கப் போய்விட்டாள்.

மூலையில் பழைய துணியில் நேர்கோடு தைத்துப் பழகிக்கொண்டிருந்த அண்ணாச்சி மெஷினை நிறுத்தியிருந்தார். "அப்போ ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனியா பேப்பர் வெட்டுனா தப்பில்லையே, டீச்சர்?" என்றார்.

பெரியம்மா பேப்பர்

முதலில் அவருடைய சட்டையில் கை பழகட்டும், பிறகு பேச்சிக்குத் தைக்கலாம் என்று முடிவு செய்தோம். என் வகுப்பில் ஒருத்திக்கு அடுத்தவள் அளவெடுப்பதுதான் வழக்கம். அண்ணாச்சிக்கு யார் எடுப்பது? அவருக்கும் கூச்சம், எங்களுக்கும் கூச்சம். டேப்பை அவர் கையிலேயே கொடுத்து, நான் பக்கத்தில் நின்று "கொஞ்சம் மேல, இன்னும் மேல, அது மாரு இல்ல அண்ணாச்சி, தொப்பை" என்று சொல்லச் சொல்ல அவரே தன்னைச் சுற்றி அளந்துகொண்டார். மண்டித் தராசைத் தவிர வேறு எதிலும் அளவு பார்த்துப் பழகாத மனுஷர். டேப் இரண்டு தடவை முறுக்கிக்கொண்டது.

அளவைக் காக்கித்தாளில் போட்டால் தாள் போதவில்லை. இன்னொரு தாளைப் பசை வைத்து ஒட்டினோம். பெண் உடம்புக்கு முன்பக்கத்தில் பிடிக்கிற டார்ட் மடிப்பை அவருக்கு எங்கே பிடிப்பது என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் பாருங்கள், அதே முறைதான். தோளிலிருந்து இறக்கம், கைக்குழி, சுற்றளவு. ஒல்லிக்குச்சி செல்விக்கு எப்படி வெட்டினோமோ அப்படியேதான் அவருக்கும் வெட்டினோம், அவருக்கும் வந்தது. ஆணியில் அது மற்றப் பேப்பர்களை எல்லாம் மறைத்துக்கொண்டு தொங்கியதைப் பார்த்துவிட்டுச் செல்வி சொன்னாள்: "டீச்சர், இது தாய்ப் பேப்பர் இல்ல, பெரியம்மா பேப்பர்."

பஞ்சு, பந்து, சிரட்டை

பெண் வேஷம் என்றால் மார்பு வேண்டாமா? அண்ணாச்சி ஒத்திகைக்குப் பஞ்சு கொண்டுவந்தார். பனியனுக்கு மேல், பழகுவதற்காகத் தைத்த பிளவுஸை மாட்டி, பஞ்சை வைத்து, கையைத் தூக்கி ஓர் ஆட்டம் ஆடினார். பிளவுஸும் கூடவே எழும்பிக் கழுத்துக்கு வந்துவிட்டது. மறுநாள் ரப்பர் பந்து. ஒன்று கழன்று, படிப்படியாகத் துள்ளிக் கீழே டீக்கடைக்குப் போனது. டீக்கடைக்காரர் மேலே பார்த்து "யாருதுவே இது?" என்று கேட்க, நாங்கள் சிரித்த சிரிப்பில் புஷ்பம் அக்காவுக்கு விக்கல் எடுத்துவிட்டது. அடுத்தது தேங்காய்ச் சிரட்டை. குனிந்து மெஷின் மிதித்தபோது குத்தி, "எம்மா" என்று எழுந்துவிட்டார்.

கடைசியில் துணிப்பை தைத்து, உள்ளே கடுகு நிரப்பி, மேலே மெல்லிசாகப் பஞ்சு சுற்றிக் கொண்டுவந்தார். வைத்து மாட்டினார். பிளவுஸ் அப்படியே படிந்து நின்றது. கையைத் தூக்கினால் நகரவில்லை, ஆடினால் கூடவே ஆடியது. நாங்கள் இன்னும் சிரித்துக்கொண்டே இருந்தோம். அவர் சிரிக்கவில்லை. ஒரு பக்கத்துப் பையை மட்டும் எடுத்து உள்ளங்கையில் வைத்து, மண்டியில் சரக்கை நிறுக்கிற மாதிரி மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். மறுபடி வைத்தார், மறுபடி எடுத்தார். மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். எங்கள் சிரிப்பு தானாக நின்றது.

"டீச்சர், பேச்சி ஒரு பக்கமா சாஞ்சு நிக்கா. நோவுன்னு நெனச்சிட்டு இருந்தேன். நோவு இல்ல, எடை. ஒரு தட்டுல இருந்து சரக்கை எடுத்துட்டா மத்தத் தட்டு எறங்கத்தானே செய்யும்" என்றார்.

முளைத்த கடுகு

இடது பக்கம் உள்ளே ஒரு பை வைத்துத் தைத்து, அதில் ஒரு கடுகுப் பையைச் செருகிவிடலாம் என்று பேச்சியின் பிளவுஸுக்குத் திட்டம் போட்டோம். இதற்குள் அண்ணாச்சி தன் ஒத்திகைச் சட்டையைக் கடுகுப் பையோடு ஊற வைத்து, துவைத்து, கொடியில் போட்டுவிட்டு மறந்துவிட்டார். வானம் வேறு மூடிக்கொண்டே இருந்தது. சில நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் துணியைப் பொத்துக்கொண்டு பச்சைப் பச்சையாக எட்டிப் பார்க்கிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவது போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். செல்வி அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, அம்மனுக்கு வேஷம் மட்டும்தான்னு நெனச்சோம், முளைப்பாரியும் சேத்து எடுக்கீய" என்றாள். அவருக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. பேச்சிக்கும் இப்படி வியர்வையில் முளைத்துத் தொலைத்தால் அவள் செத்தாலும் வெளியே வரமாட்டாளே என்ற கவலை அவருக்கு. எனக்கும் வழி தெரியவில்லை. தையல் டிப்ளமோவில் கடுகைப் பற்றி ஒன்றும் இல்லை.

மறுநாள் வந்தவர் படியிலேயே பேச ஆரம்பித்துவிட்டார். அந்த முளைத்த சட்டையை வீட்டில் கொல்லைப்பக்கம் வைத்திருக்கிறார். பேச்சி பார்த்திருக்கிறாள். "அதைப் பாத்துட்டு அடுக்களைக்குள்ள போய் நின்னா, டீச்சர். அழுதாளோன்னு போய்ப் பாத்தேன். சிரிக்கா. ஆப்பரேசனுக்குப் பொறவு அவ சிரிச்சு நான் பாக்கலை. வறுத்துட்டுப் போட்டா எந்தக் கடுகு முளைக்கும், இதுகூடத் தெரியாம மண்டி வச்சிருக்கீயளோன்னு கேட்டா."

டேப்பின் நுனி

தைக்க எல்லாம் தயார், அளவு மட்டும் இல்லை. பழைய பிளவுஸ் உதவாது. ஆப்பரேஷனுக்குப் பிறகு அவளுடைய இடது கை வீங்கி நின்றது. தழும்பு எதுவரைக்கும் வருகிறது, கைக்குழியை எவ்வளவு இறக்க வேண்டும், ஒன்றும் தெரியாது. குத்துமதிப்பாக வெட்ட என்னால் முடியாது. நான் வீட்டுக்கு வருகிறேன் என்றேன். "வேண்டாம் டீச்சர், யாரு வந்தாலும் உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிடுதா" என்றார். அவருக்கே காட்டியதில்லையாம். செல்வியைப் பொம்மை மாதிரி நிற்க வைத்து, எங்கே பிடிக்க வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தோம். வாயாடி செல்வி அன்றைக்கு வாயைத் திறக்காமல் நின்றாள்.

டேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தினமும் போவார். தினமும் அப்படியே திரும்பி வரும். காலையில் அவர் படியேறும்போது நாங்கள் எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்ப்போம். தசரா நெருங்கிக்கொண்டிருந்தது. மாலை போட்டு விரதம் தொடங்கியாயிற்று. என் பொறுமை போய்விட்டது, "அவங்ககிட்ட ஒழுங்கா எடுத்துச் சொல்லுங்க அண்ணாச்சி" என்று எரிந்துகூட விழுந்தேன். அவர் டேப்பைச் சுருட்டி மறுபடி பையில் போட்டுக்கொண்டார்.

ஒரு காலையில் வந்து, உட்காராமலே, அளவுகளை ஒப்பிக்க ஆரம்பித்தார். இடது தோள் இவ்வளவு, வலது இவ்வளவு, இடது கை சுற்று இவ்வளவு என்று. எழுதிக்கொண்டே வந்த என் கை நின்றுவிட்டது. எப்படி என்று கேட்டேன். "அவளே டேப்போட நுனியைப் பிடிச்சுத் தோள்ல வச்சுக்கிட்டா, டீச்சர். எனக்குப் பாக்கத் தெம்பில்ல, கண்ணை மூடிக்கிட்டேன். கண்ணைத் தெறந்து பாருங்க, இல்லாட்டித் தப்பா எடுத்துட்டுப் போயிருவீயன்னுட்டா."

ஊக்கு

அன்றைக்குத்தான் என் வகுப்பில் முதல் தடவையாக இடதுக்கு ஒரு பேப்பர், வலதுக்கு ஒரு பேப்பர் வெட்டினோம். இரண்டையும் ஒரே ஆணியில் மாட்டினேன். ஒன்றின்மேல் ஒன்று பொருந்தவே இல்லை. எத்தனையோ உடம்புக்கு வெட்டியிருக்கிறேன், அந்த இரண்டு காக்கித்தாளைப் பார்த்து நின்ற மாதிரி எதன் முன்னாலும் நின்றதில்லை. கோயிலில் நடை திறந்ததும் பேச்சு நின்றுபோகுமே, அப்படி இருந்தது. பெரிய கைகளால் அண்ணாச்சி காடாத் துணியில் ஒரு வெள்ளோட்டம் தைத்து எடுத்துப் போனார்.

திரும்பி வந்த காடாத் துணியில் அங்கங்கே ஊக்கு குத்தியிருந்தது. கைக்குழியில் தழும்பு உரசுகிற இடத்தில் ஒன்று. உள்பை கொஞ்சம் மேலே ஏற வேண்டும் என்று ஒன்று. கழுத்தில், இவ்வளவு இறக்கம் வேண்டாம் என்று ஒன்று. நான் பேச்சியை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை, பேசியதில்லை. ஆனால் அந்த ஊக்குகளைத் தடவிப் பார்த்தபோது எதிரே நின்று பேசுகிற மாதிரியே இருந்தது. ஒவ்வொன்றும் அவ்வளவு சரியான இடத்தில் இருந்தது. நீங்களா குத்தினீர்கள் என்று அண்ணாச்சியைக் கேட்டேன். "நான் எங்கன குத்த? கண்ணாடியைத் திருப்பி வையுங்கன்னா. ஊக்கு குத்துத எடம் தெரியணும்லான்னா."

வேன் கிளம்பாத காலை

பேச்சிக்குப் பச்சை பிளவுஸ் தயாராகிவிட்டது. அதற்கு அண்ணாச்சி ராஜவேலை பார்த்தார். தையல் வளைந்தால் பிரிப்பார், நான் போதும் என்றாலும் பிரிப்பார். மிச்சமிருந்த அவசரத்தில் தன்னுடைய சிவப்புச் சட்டையை ஏதோ ஒப்பேற்றினார். கொக்கியும் வளையமும் ஒன்றுக்கொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. பிரிக்கச் சொன்னேன், நேரமில்லை என்றார். பேச்சி வருகிறாளா என்று கேட்டேன். "சட்டையைப் போட்டுப் பாத்தா. நல்லா இருக்குன்னா. வாரேன்னு மட்டும் சொல்லலை" என்றார். வருகிறேன் என்று அவள் சொல்லாத வரைக்கும், இத்தனை நாள் தைத்ததில் அவருக்கு எந்த அர்த்தமும் இல்லை.

தசராவின் பத்தாம் நாள், குலசையில் சூரசம்ஹாரம் நடக்கிற அன்று காலையில், மார்க்கெட் தெருவில் அண்ணாச்சி வீட்டு முன்னால் தசராக் குழுவின் வேன் நின்றது. வகுப்பைப் பூட்டிவிட்டு நாங்களும் போய் நின்றோம். மேளம் அடிக்கிறது. காளி ஒருவர், குரங்கு ஒருவர், போலீஸ் ஒருவர் என்று எல்லோரும் ஏறியாயிற்று. அண்ணாச்சி மட்டும் சேலை கட்டி, பூ வைத்து, முறுக்கு மீசையோடு கீழே நின்று தன் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து காளி, "ஏறும்வே அண்ணாச்சி, நேரமாவுது" என்றது. "பைய போவோம்வே" என்றார். டிரைவர் ஹாரன் அடித்தார். அண்ணாச்சி நகரவில்லை. செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. பச்சை பிளவுஸ், மாம்பழ மஞ்சளில் சேலை. படி இறங்கி, தெரு முழுக்க நின்ற கண்களுக்கு நடுவில் பேச்சியம்மாள் நடந்து வந்தார். நான் முதலில் தையல்காரியாகத்தான் பார்த்தேன்: தோள் சரி, கைக்குழி சரி, முன்பக்கம் படிந்திருக்கிறது, உடம்பு எந்தப் பக்கமும் சாயவில்லை. அதற்கு மேல் பார்க்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புஷ்பம் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பேச்சியம்மாள் நேரே புருஷன் முன்னால் வந்து நின்று, மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தார். அவர் தோளில் நழுவிய சேலையை இழுத்து விட்டார். சிவப்புச் சட்டையின் கொக்கிகளைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"எனக்கு ஒழுங்காத்தான் தச்சிருக்கீய. உங்க சட்டைதான் கோணிக்கிட்டு நிக்கு. அம்மன் முன்னால இப்படியா போய் நிப்பீய? ஏறுங்க, வண்டியில வச்சுச் சரி பண்ணித் தாரேன்."

பேச்சியம்மாள் சொன்னது ஊரறிய உண்மை என்றாலும், தையல்காரியின் பாழும் கண் சும்மா இருக்குமா, அந்தப் பச்சை பிளவுஸின் வலது கை மடிப்பு ஓர் இழை ஏறித்தான் இருந்தது, அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான், நீங்களும் வெளியே சொல்லிவிடாதீர்கள்.